ஐப்பசி மழையும் ராத்திரி விழிப்பும்: மனசுக்குத் தெம்பு வர என்ன செய்யலாம்?

கேள்வி: கடைமடைக்காரி (திருத்துறைப்பூண்டி வட்டாரம்)

எல்லோருக்கும் வணக்கம். மூணு ஏக்கர், நேரடி விதைப்பு சம்பா. ஐப்பசி பிறந்ததிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் சரியான தூக்கம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கணக்குதான்: நகைக்கடன், வெளிவட்டி, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், நாளைக்கு என்ன மழையோ. பிரதோஷம், வெள்ளிக்கிழமை எதையும் விடுவதில்லை. ஆனால் சந்நிதியில் நிற்கும்போதும் அதே கணக்கு ஓடுகிறது. சாமி மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, அந்த நம்பிக்கை கவலை வரும் நேரத்தில் கைகொடுப்பதில்லை.

"தைரியமா இரு", "எல்லாம் அவன் பாத்துப்பான்" என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள். எனக்கு விவரம் வேண்டும். எதை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்? எங்கே தவறிப் போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வெண்ணாற்றங்கரை:

அக்கா, முதலில் அந்த இரண்டு மணி விழிப்பைத் தனியாக எடுத்து வைப்போம். ராத்திரியின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம், பின்பாதியில் லேசான தூக்கம். பின்பாதியில் விழிப்பு வருவது உடம்பின் இயல்பு, அது நோயில்லை. கெடுதல் எதில் என்றால், விழித்தபின் படுத்தபடியே கணக்குப் போடுவதில். பத்து நாள் அப்படிச் செய்தால் பாயும் தலையணையும் கவலைப்படும் இடம் என்று மனசு பழகிவிடும். பிறகு படுத்தாலே படபடப்பு வரும்.

அதனால் சுமார் இருபது நிமிடம் தூக்கம் வராமல் புரண்டால் எழுந்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், உத்தேசமாக இருந்தால் போதும். கூடத்திலோ திண்ணையிலோ மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். போனை எடுக்கக் கூடாது. கண் சொக்கும்போது மட்டும் திரும்பப் போய்ப் படுங்கள். எவ்வளவு கெட்ட ராத்திரியாக இருந்தாலும் காலையில் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். பகலில் இரண்டு மணி நேரம் படுத்து ஈடுகட்டினால் அடுத்த ராத்திரியும் போச்சு. கடைசி டீ மூன்று மணிக்கு முன்னால். காபியிலும் டீயிலும் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

அடுத்தது பகல் கவலை. அதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை, தினமும் ஒரே இடம். படுக்கையும் வேண்டாம், பூஜை அறையும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா. பகலில் கவலை தலைகாட்டினால் நோட்டில் ஒரே ஒரு சொல்: "வட்டி", "ஃபீஸ்". அதோடு சாயங்காலத்துக்குத் தள்ளிப்போட்டு வேலையைப் பாருங்கள். "நினைக்கவே கூடாது" என்று அமுக்கினால் அது மேலும் கிளம்பும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் இதைச் சோதித்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதுவே திரும்பத் திரும்ப வந்தது. தள்ளிப்போடுவது அமுக்குவதில்லை, அதனால் அது முடிகிறது.

ஆறு மணிக்கு உட்கார்ந்ததும் ஒவ்வொரு கவலையையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். "மழை வந்தால் என்ன ஆகுமோ" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு முடிவே கிடையாது. "வயலில் நாலைந்து நாள் தண்ணீர் நின்றால் பயிர் அழுகும், வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது" என்று எழுதினால் அதில் ஒரு வேலை தெரிகிறது. பக்கத்தை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் கைக்கு எட்டுவது. அதற்கு நேராக யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். வலப்பக்கம் கைக்கு எட்டாதது: மழை அளவு, மேட்டூர் நீர்மட்டம், நெல் விலை. ஆறரை ஆனதும் நோட்டை மூடிவிட வேண்டும்.

இது எங்கே கெடுகிறது? எழுதாமல் வாயால் பேசித் தீர்க்கப் பார்த்தால் கெடும். பேச்சு சுற்றிச் சுற்றி வரும், எழுத்து ஒரு இடத்தில் நிற்கும். படுக்கப் போகுமுன் செய்தாலும் கெடும், குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். முதல் வாரம் பலன் தெரியாது, அங்கேதான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரம் கொடுங்கள்.

மூச்சு பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம், காலையும் மாலையும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பலர் "நல்லா இழுத்து விடு" என்று சொல்கிறார்கள், அது தவறு. மார்பு விரிய வேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போகும், தலை சுற்றும், பயம் கூடும். மெதுவான, சிறிய மூச்சே போதும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சை அடக்கி நிறுத்த வேண்டாம். படபடப்பு வந்தபின் தேடுகிற மருந்தாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். அமைதியான நேரத்தில் பழகியிருந்தால்தான் அவசரத்தில் உதவும்.

---

மறைக்காடு:

மேலே சொன்ன நோட்டின் வலப்பக்கம்தான் பிரார்த்தனைக்கு உரிய பக்கம். இடப்பக்கத்து வேலைகளைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டு, வலப்பக்கத்தைத் தாமே சுமப்பவர்கள்தான் அதிகம். அம்மா, உங்கள் நம்பிக்கை கைகொடுக்காததற்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

நம் கடலோரத்து வேதாரண்யத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார் அழைப்பை ஏற்றுச் சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது, கோள்நிலை சரியில்லை என்று அப்பர் தடுத்தார். அப்போது சம்பந்தர் பாடியது கோளறு பதிகம், பதினோரு பாட்டு. பாடியபின் நல்ல நேரம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, பயணம் கிளம்பினார். அந்தப் பதிகத்தைச் சொல்லும் முறையும் அதுவே என்பது என் துணிபு: பாடு, எழு, அன்றைக்குப் பயந்த வேலையைப் போய்ச் செய். கூட்டுறவு சொசைட்டி செயலாளரைப் பார்க்கக் கூசினால், அன்று பதிகம் முடித்த கையோடு பார்க்க வேண்டியது அவரைத்தான்.

செய்முறை: காலையில் குளித்தபின், ஒரே இடம், ஒரே நேரம், ஒரு அகல். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் பாதி மனசு சும்மா இருக்கும், அந்தப் பாதியில் கணக்கு ஓடும். வாய்விட்டுச் சொல்லும்போது நாக்கு, காது, மூச்சு மூன்றும் வேலையில் இருக்கும். பதினோரு பாட்டையும் முதல் நாளே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒரு பாட்டு, பொருள் தெரிந்து மனப்பாடம் செய்யுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். முழுவதும் வந்தபின் நிதானமாகச் சொல்ல ஏறக்குறைய பத்து நிமிடம். முடிந்ததும் வலப்பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்றை ஒரே வாக்கியத்தில் வேண்டிக்கொண்டு, இரண்டு நிமிடம் பேசாமல் உட்காருங்கள்.

மனசு ஓடும். ஓடியதைக் கண்டதும் அந்த அடியின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். பதிகத்தின் தொடக்கத்துக்குப் போகாதீர்கள். "சுத்தமாகச் சொல்லவில்லை, மறுபடி முதலிலிருந்து" என்று ஆரம்பித்தால் அதுவே ஒரு புதுக் கவலையாகிவிடும். சில வீடுகளில் பத்து நிமிடப் பாராயணம் ஒன்றரை மணி நேரமாவது இப்படித்தான்.

பிரார்த்தனை கெடும் வழிகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, சந்நிதியில் கவலைப் பட்டியலை ஒப்பிப்பது. அங்கே நடப்பது கவலைப்படுதலே, இடம் மட்டும் கோயில். சந்நிதிக்குள் நுழையும்போது கண்ணுக்கு வேலை கொடுங்கள். விளக்கு, மாலை, திருமேனி, திருவடி என்று ஒவ்வொன்றாக நிதானமாகப் பாருங்கள். வேண்டுதலைக் கொடிமரத்தடியில் விழுந்து கும்பிடும்போது வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஜோசியர் விட்டு ஜோசியர். ஏடு பார்ப்பது, பிரசன்னம் பார்ப்பது, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்ப்பது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நிம்மதி கிடைக்கும், மூன்றாம் நாள் சந்தேகம் திரும்பும். அடுத்த தடவை ஒரு நாள்தான் நிம்மதி. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனில் மேகப் படம் பார்ப்பதும் இதே பழக்கம்தான். வானிலை மையத்தின் அறிக்கையைக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை பாருங்கள். அது போதும். திங்களூர் முதல் திருநள்ளாறு வரை ஒன்பது நவக்கிரகக் கோயிலும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன, போவது புண்ணியம்தான். ஆனால் கார் வாடகைக்கும் பரிகாரத்துக்கும் வட்டிக்கு வாங்கிப் போகாதீர்கள். கடனால் வந்த கவலைக்கு இன்னொரு கடன் பரிகாரமாகாது.

நேர்த்திக்கடனைக் கைக்கு அடங்கியதாக நேர்ந்துகொள்ளுங்கள்: நந்தவனத்துக்குத் தண்ணீர், உழவாரப் பணி, அன்னதானத்துக்குப் படி அரிசி. உடலால் செய்யும் தொண்டுக்குப் படபடப்பைத் தணிக்கும் குணம் தனியாக உண்டு. உழவாரப் படையைக் கையில் எடுத்த அப்பர் இதே காவிரிக் கரையில் ஊர் ஊராக நடந்தவர்.

---

நாகூர்க் கடலோரம்:

அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரி, மறைக்காடு ஐயா சொன்ன "பாடிவிட்டுப் புறப்படுவது" எங்களிடமும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவன்மேல் பொறுப்புச் சாட்டட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டு என்றார்கள் நபிகள் நாயகம். தவக்குல் என்பது அதுதான், வரிசை மாறக் கூடாது.

தொழுகைக்குப் பின் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என்று விரல் கணுவில் எண்ணி ஓதுகிறோம். இதை வேகமாக ஓதி முடிப்பதே வழக்கமான பிழை. மூச்சுக்கு ஒன்றாக ஓதினால் நூறுக்கும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும், உடம்பு தணிவதை அந்த நேரத்திலேயே உணரலாம். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கையில் உருட்டும் ஜெபமாலையும் அப்படித்தான். 2001இல் இத்தாலிய மருத்துவர்கள் ஜெபமாலையை லத்தீனில் சொல்ல வைத்தும், யோக மந்திரம் சொல்ல வைத்தும் மூச்சை அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. வெண்ணாற்றங்கரை சொன்ன நாலு-ஆறு கணக்கும் அதே ஆறுதான். எந்த மார்க்கமானாலும் அவசரமில்லாமல், வாய் அசைய ஓதுங்கள்.

---

வடிகால் மதகு:

நான் இடப்பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கடைமடைச் சம்பாவுக்கு ஐப்பசியில் அந்தப் பக்கத்தில் என்னென்ன வரலாம்?

பயிர்க் காப்பீடு முதலில். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15, நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம். சிட்டா, வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) தரும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்கோ சொசைட்டிக்கோ போங்கள். அடங்கலில் சர்வே எண்ணும் பயிரும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள், பின்னால் சிக்கல் வருவது பெரும்பாலும் அதில்தான். இழப்பீடு பெரும்பாலும் கிராம அளவில் எடுக்கும் அறுவடைப் பரிசோதனையை வைத்துத்தான் வரும். உங்கள் வயல் மட்டும் மூழ்கினால் வராமல் போகலாம். இதை இப்போதே தெரிந்துகொண்டால் தை மாதத்து ஏமாற்றம் குறையும்.

வடிகால் ஒருவர் வேலை இல்லை. பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நாள் ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுங்கள். வரப்பில் எந்த இடத்தை வெட்டினால் தண்ணீர் எங்கே இறங்கும் என்று மழைக்கு முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு மண்வெட்டியோடு சண்டை வருவது இதைப் பேசாததால்தான்.

மூழ்கிய பயிர் தண்ணீர் வடிந்து வேர் காற்றோட்டம் பெற்றபின்: ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவ வேண்டும். தண்ணீர் நிற்கும்போதே தூவினால் உரமும் காசும் வாய்க்காலோடு போகும்.

கடன்களை ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கெடு எப்போது. சொசைட்டிப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது, தாண்டினால் ஏறும். மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாவற்றையும் 2003ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் தடை செய்கிறது. மிரட்டல் இருந்தால் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். நாலு கடனும் தலைக்குள் இருக்கும்போது நாற்பதாகத் தெரியும், தாளில் நாலுதான்.

---

கடைமடைக்காரி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும் "ஒண்ணும் இல்ல" என்று எழுந்து போய்விடுகிறார். அவரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது? இன்னொன்று, டாக்டரிடம் போகலாம் என்றால் "சாமி மேல நம்பிக்கை இல்லையா" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள்.

---

வெண்ணாற்றங்கரை:

அக்கா, சாப்பிடும்போதும் பிள்ளைகள் முன்னாலும் கேட்காதீர்கள். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். வரப்பில் நடக்கும்போது, களை எடுக்கும்போது, பக்கத்தில் இருந்தபடி கேளுங்கள். "என்ன கவலை" என்ற கேள்விக்கு "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். "சொசைட்டிக் கடனா, வெளியில வாங்கினதா, எது உங்களுக்கு ரொம்ப உறுத்துது?" என்று கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் பத்து நிமிடம் யோசனையும் சொல்லாதீர்கள், ஆறுதலும் சொல்லாதீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்.

"நான் இல்லாட்டி நீங்களாவது நிம்மதியா இருப்பீங்க" என்ற பேச்சு, திடீரென்று கணக்கு வழக்கை ஒப்படைப்பது, ஆளோடு ஒட்டாமல் போவது, குடி கூடுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராகவே கேட்டுவிடுங்கள், "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. கேட்டால் பாரம்தான் குறையும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பூச்சிமருந்தை வீட்டில் இருப்பு வைக்காதீர்கள். தெளிக்கும் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். மீதி இருந்தால் பூட்டுப் போட்டு, சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். இது சந்தேகம் வந்தபின் செய்வது இல்லை, எல்லா வீட்டிலும் எப்போதும் இருக்க வேண்டிய ஏற்பாடு. ஒரு கெட்ட நேரம் சில நிமிடங்களில் கடந்து போகும். அந்த நிமிடங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது.

அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மாநில சுகாதார உதவி எண் 104க்கும் அழைக்கலாம். நேரில் என்றால் தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் கேளுங்கள். படபடப்பும் தூக்கமின்மையும் தைராய்டு, ரத்தசோகை போன்றவற்றாலும் வரும். அதற்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான நாட்கள் கவலை, ஆறு மாதமாகத் தொடர்கிறது என்றாலோ, இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை என்றாலோ நோட்டும் மூச்சும் மட்டும் போதாது.

பதற்றத்துக்குத் தரும் மாத்திரைகள் பல உடனே வேலை செய்யாது, இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ படபடப்போ கொஞ்சம் கூடலாம், அப்போது பயந்து நிறுத்திவிட்டு "ஒத்துக்கல" என்பார்கள். டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் சொல்லி வாங்கும் தூக்க மாத்திரை வேறு வகை, சில வாரத்தில் அது இல்லாமல் தூங்க முடியாது என்ற நிலைக்குக் கொண்டுபோகும். அதைத் தொடவே வேண்டாம்.

---

மறைக்காடு:

பெரியவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள் அம்மா: வைத்தீஸ்வரன் கோயிலில் சிவபெருமானின் பெயரே வைத்தியநாதர். தையல்நாயகி சந்நிதியில் பிரசாதமாகத் தருவது திருச்சாந்துருண்டை, அதுவும் மருந்துதான். வைத்தியத்தை நம் கோயில்கள் ஒதுக்கியதில்லை. திருச்சிக்கு அந்தப் பக்கம் குணசீலத்தில் மனம் கலங்கியவர்கள் 48 நாள் தங்கி வழிபடுகிறார்கள். அப்படி எங்கே தங்கினாலும் டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டுத் தங்காதீர்கள்.

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார்: ஒரு மண்டலம் என்று தொடங்கிவிட்டு நடுவில் தீட்டோ துக்கமோ வந்தால்? வீட்டு வழக்கப்படி விளக்கேற்றாத நாளில் விளக்கு வேண்டாம். அதே நேரத்தில் அதே இடத்தில் உட்கார்ந்து அஞ்செழுத்தை மனசுக்குள் சொல்லுங்கள், அதற்கு எந்தத் தடையும் கிடையாது. விட்ட நாளை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து எண்ணுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய், வயலுக்குள் தண்ணீர் புகுந்து, ராத்திரி முழுக்க வரப்பில் நின்றுவிட்டு வந்த காலையில் பதினோரு பாட்டும் முடியாது. அன்றைக்கு ஒரு பாட்டு சொல்லுங்கள், நின்றுகொண்டே சொன்னாலும் சரி. பிறகு ஈரத்துணி மாற்றி, சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.